தண்ணிக் கழிவு

கூடைக்கு இருநூறு கிராம்
தண்ணி என்று கழிக்க வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த அன்றே பூவலிங்கம் சொன்னது:
"நண்டு கடல்லேர்ந்து வருது.
ஈரத்துக்கெல்லாம் காசு குடுக்க முடியுமா?"
எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முள்ளிமுனையில் வடகடல் ஆழமில்லாதது.
விடியுமுன் வலையைக் கரையேற்றி
கண்ணியில் மாட்டிய காலை ஒடியாமல் பிரித்து
எட்டு மணிக்குத்தான் கூடை கொட்டகைக்கு வரும்.
அதற்குள் வெயிலில் ஓலை முறுகியிருக்கும்.
நண்டின் வாயோரம் மட்டும் கொஞ்சம் நுரை.
கோட்டைமுத்து, மூன்று அறுநூறு என்று காட்டும் தராசு.
மூன்று நானூறு என்று எழுதும் என் கை.

கரண்டு இல்லாத ஒரு மதியம்
சும்மா உட்கார்ந்திருந்தபோது
கழித்த தண்ணியை நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கூட்டிப் பார்த்தேன்.
கோட்டைமுத்துவுக்கு மட்டும்,
அவர் கடலுக்குப் போன இருநூற்றாறு நாளில்,
நாற்பத்தொரு கிலோ இருநூறு.
கிலோ நானூறு போட்டால்
பதினாறாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.
இரண்டு முறை கூட்டினேன்.

அதே நோட்டில், கார்த்திகை மாதப் பக்கத்தில்,
என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
கோட்டைமுத்து, மகள் பிரசவம், முன்பணம் பதினைந்தாயிரம்.

அந்த இரவும் எனக்குத் தெரியும்.
மழை. பேச்சியம்மாளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.
நூற்றெட்டு வண்டி திருவாடானையில் நிற்கிறது என்றார்கள்.
பூவலிங்கம் ஒரே ரிங்கில் போனை எடுத்தார்.
ஐஸ் பெட்டிகளைச் சேற்றிலேயே இறக்கிப் போட்டுவிட்டு
நண்டு வண்டியில் பாய் விரித்து
ராமநாதபுரம் வரை அவரே ஓட்டினார்.
விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில்
லுங்கி நனைந்தபடி நின்றார்.
இதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.
இருந்தால் வரவா, பற்றா?

பஞ்சவர்ணத்திடம் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்.
படிக்கத் தெரியாது, வாசித்துச் சொன்னேன்.
பாத்திரம் கழுவும் கை நிற்கவில்லை.
"தெரியும்த்தா.
தொண்டி யாவாரி நூறுதான் கழிப்பான்.
ராத்திரி அடிச்சா எடுக்க மாட்டான்."
கொஞ்சம் கழித்து,
"பேத்திக்கு ஆவணியில காது குத்து.
தாய்மாமன் இல்லாத புள்ள.
பூவலிங்கம் மடியிலதான் வைக்கிறோம்."

அப்படியானால்
ஒரு போனை எடுப்பதற்கு நாளொன்றுக்கு நூறு கிராம்.
இந்த விலையை யார் பேசி முடித்தது?
பூவலிங்கத்திடம் கேட்டால்
தூத்துக்குடிக் கம்பெனியைக் கை காட்டுவார்.
கால் ஒடிந்தது, சதை குறைந்தது என்று
அவருக்கும் அங்கே கழிக்கிறார்கள். பொய்யில்லை.
அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள்.
என் சம்பளமும் இந்தத் தண்ணியில்தான் வருகிறது.
மகனுக்குச் செருப்பு வாங்கியது அதில்தான்.

மறுநாள் கோட்டைமுத்துவின் கூடையைக்
கொக்கியில் மாட்டினேன்.
"சொட்டு நிக்கட்டும்" என்றேன்.
வரிசை நின்றது.
எல்லோரும் கூடையின் அடியைப் பார்த்தார்கள்.
கீழே மணல் காய்ந்து கிடந்தது.
பூவலிங்கமும் பார்த்தார், மணலை, பிறகு என்னை.
லாரிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.
மூன்று அறுநூறு என்று எழுதினேன்.
அடுத்த கூடைக்கு என் வாய் வரவில்லை.
பழையபடி கழித்தேன்.

யாரும் எதுவும் பேசவில்லை.
மதியம் வழக்கம்போல எனக்கும் டீ வந்தது.

சனிக்கிழமை சம்பளக் கவரைப்
பஸ்ஸில் வைத்து எண்ணினேன்.
எண்பது ரூபாய் குறைந்தது.
கணக்கில் மனிதர் தப்பு செய்யமாட்டார்.